காதையும் சேர்த்து அளப்பதா?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் கொண்டுவருவார்கள், ஆப்பிள் கொண்டுவருவார்கள். என் அக்காவைப் பார்க்க வந்த சர்ச் தம்பதியர் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார்கள்.

எங்களுக்கென்று கொண்டுவந்ததல்ல அது. சர்ச்சுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஷெட்டில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. பால்குடி மறந்ததும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். இந்தத் தம்பதியர் தங்களுக்கு ஒன்றும், ஒரு உறவுக்காரருக்கு ஒன்றும் எடுத்திருந்தார்கள். உறவுக்காரர் கடைசி நேரத்தில் வேண்டாமென்று சொல்லிவிடவே, அந்தக் குட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்துவிட்டார்கள். ஜெபத்தின் நடுவில் பை அசைந்தது. அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆமென் சொன்ன கையோடு, "பையில என்னா?" என்று கேட்டாள்.

எடுத்து மடியில் வைத்தார்கள். பழுப்பு நிறம், நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அக்காவின் நைட்டிப் பொத்தானைக் கவ்விக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டது.

"இது இங்கேயே இருக்கட்டும்," என்றாள் அக்கா.

வீடு என்னுடையது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மாமா தவறிப்போன பிறகு அவள் எதையும் வேண்டுமென்று கேட்டே நான் பார்க்கவில்லை. காபி வேண்டுமா என்றால்கூட, "இருந்தா குடு" என்பாள். அப்படிப்பட்டவள் ஒன்றைக் கேட்கும்போது யார் மறுப்பது?

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வருகிற ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வாக்கப்பட்டுப் போனது இதே ஊரின் இன்னொரு பக்கம் இருக்கும் அடுகோடிக்கு. மாமா அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகும் அந்த வாடகை வீட்டிலேயே தனியாக இருந்தாள். முழங்கால் ஆபரேஷன் என்று வந்தபோதுதான், "கால் சரியாகிற வரைக்கும்" என்று ஒரு பெட்டி, ஒரு பை, எதற்கென்று தெரியாமல் மாமாவின் கேரம் போர்டு ஆகியவற்றோடு என் வீட்டுக்கு வந்தாள். கேரம் போர்டைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். அவளுக்கு முன்பக்கத்துச் சின்ன அறையைக் கொடுத்தேன். கட்டிலும் வாக்கரும் போட்டால் அந்த அறையில் வேறு எதற்கும் இடமில்லை. "எனக்கு இது போதும் பாப்பா," என்றாள். அவள் என்னை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

நாய்க்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் பேசினோம். அதற்குள் குட்டி, குட்டி என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது.

விடுமுறை இருந்தவரை சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. நான் வீட்டில் இருந்தேன், குட்டி என் காலைச் சுற்றியது. அக்காவுக்கு பிசியோதெரபிக்காரர் தினமும் ஹாலில் இப்படியும் அப்படியும் நடக்கச் சொல்லியிருந்தார். வாக்கரைத் தூக்கி வைத்து, ஒரு அடி எடுத்து, மறுபடி தூக்கி வைத்து நடப்பாள். ஒருநாள் நான் சமையலறையில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் வாக்கர் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, அக்கா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்காத குறையாக நிற்கிறாள். குட்டி வாக்கர் காலின் ரப்பர் உறையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"விழல, விழல," என்றாள் அக்கா. முகம் வெளுத்திருந்தது.

நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இன்னும் ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. பகல் முழுக்க இவர்கள் இரண்டு பேரும்தான் வீட்டில். இந்த முறை ஜன்னல் கம்பி கைக்கு எட்டியது. அடுத்த முறை?

"ஒரு கூண்டு வாங்கணும்க்கா. நீ நடக்கிற நேரத்துக்கு மட்டும் அதுக்குள்ள இருக்கட்டும்."

"கூண்டா? என்ன தப்புப் பண்ணிச்சு அது? ஜெயில்ல போடறதுக்கா கொண்டாந்தோம்?"

"தப்புப் பண்ணதுக்கு இல்லக்கா. கால்ல மாட்டாம இருக்க."

"அப்ப என்னை உள்ள போடு. நான்தான நடக்க முடியாம நடக்கிறேன்."

அவளோடு வாதம் செய்து நான் ஜெயித்ததே இல்லை. அதனால் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கோபத்திலும் பயத்திலும் ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நாய், பூனை சாமான்கள் விற்கும் அந்தக் கடையில் சுவரோடு அடுக்கடுக்காகக் கூண்டுகள் இருந்தன. குட்டி எவ்வளவு பெரிசு என்று கடைக்காரர் கேட்டார். இரண்டு கையையும் விரித்து ஒரு பப்பாளி அளவுக்குக் காட்டினேன். "குட்டிக்குக் குட்டி சைஸ்," என்று மேலே இருந்த ஒன்றை இறக்கிக் கொடுத்தார். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கூண்டு, முன்னால் கம்பிக் கதவு. பார்க்க அடக்கமாக இருந்தது. அந்தக் குட்டி நாளைக்கும் பப்பாளியாகவே இருக்குமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் யூனிஃபார்ம் போதாமல் வந்து நிற்பதைப் பார்க்கிறவள் நான். இருந்தும் யோசிக்கவில்லை.

முதல் சில வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பழைய துண்டை உள்ளே விரித்து, ஈரல் வறுவலில் ஒரு துண்டு வைத்தேன். குட்டி தானாகவே உள்ளே போனது. அக்கா நடந்து முடிகிற வரைக்கும் கதவு சாத்தியிருக்கும். ஆனால் திறக்க அவளால் குனிய முடியாதே. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கைத்தடியின் நுனியால் கொக்கியைத் தட்டி, மேலே நெம்புவாள். கதவு திறந்துகொள்ளும். தடி வருவதைப் பார்த்தாலே குட்டி வாலை ஆட்டும். சுவரில் வால் அடிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும்.

தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது எங்கள் மிருக டாக்டரிடம் கேட்டேன். அவர் கன்னடக்காரப் பெண்மணி, எங்களோடு தமிழில்தான் பேசுவார், நடுநடுவே ஒரு கன்னட வார்த்தை விழும்.

"டாக்டர், இது எவ்வளவு பெரிசா வளரும்?"

"தாயைப் பாத்தீங்களா?"

"சின்ன உடம்பு."

"தகப்பன்?"

சர்ச் பக்கத்தில் அதைப் பற்றிப் பலவிதமான பேச்சு இருந்தது. மூலை வீட்டு லாப்ரடார் என்றார் ஒருவர். இல்லை, கறிக்கடை முன்னால் படுத்திருக்கும் அந்தப் பெரிய கறுப்பு நாய் என்றார் இன்னொருவர். இதையெல்லாம் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே குட்டியின் முன்னங்காலைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பாதம் 'தொட்டது' இருக்கு மேடம், பெரிசு. இது பெரிய நாயா வரும்னு நினைக்கிறேன். ஆனா தெரு நாய் விஷயத்துல நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

மழை பிடித்துக்கொண்ட சமயம். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வந்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இங்க வந்து வேடிக்கையைப் பாரு," என்று தடியால் கொக்கியைத் தட்டினாள்.

கதவு திறந்தது. முதலில் வால் வந்தது. பிறகு பின்னங்கால்கள். பிறகு முதுகு. கடைசியாகத் தலை. முட்டுச் சந்தில் மாட்டிய ஆட்டோ ரிவர்ஸில் வருகிற மாதிரி குட்டி பின்பக்கமாகவே வெளியே வந்தது.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "உள்ள திரும்ப எடமில்ல அதுக்கு. நாலஞ்சு நாளா இப்படித்தான் வருது. எதுத்துக் கேக்கத் தெரியாத ஜீவன்டி."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து உள்ளே பார்த்தேன். பக்கத்துப் பிளாஸ்டிக்கில் அதன் முடி ஒட்டியிருந்தது. மேல் பக்கத்தில் மூச்சின் ஈரம். ஒருநாளும் குரைக்கவில்லை, பிராண்டவில்லை. எங்களுக்காகச் சுருங்கிப் படுத்திருந்தது.

இந்த முறை குறை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சர்ச் வாட்ஸ்அப் குழுவில் பெரிய நாய்க் கூண்டு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். லிங்கராஜபுரத்திலிருந்து ஒருவர் பதில் போட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கூண்டைக் கழுவித் துடைத்து, மடித்து, வாசலில் தயாராக வைத்திருந்தார்.

"கிரேட் டேன் ஜாதிப் பெரிய நாய் வச்சிருந்தேன் டீச்சர். வயசாகித்தான் போனான். வீட்டுக்குள்ள இது இருந்தா வேலை பாக்க முடியல. சும்மா சும்மா அந்தப் பக்கமே பாக்க வேண்டியிருக்கு." குட்டியின் போட்டோ கேட்டார். காட்டினேன். விரலால் பெரிசு பண்ணி வெகுநேரம் பார்த்தார். "பாதத்தைப் பாத்தா பெரியவனா வருவான் போல," என்றார் அவரும்.

மடித்து வைத்திருந்தபோது அது ஒரு பெரிய சூட்கேஸ் மாதிரிதான் இருந்தது. கூட்ஸ் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து ஹாலில் விரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஹாலில் கூண்டு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கூண்டைச் சுற்றிக் கொஞ்சம் ஹால் இருந்தது. நானே உள்ளே கால் நீட்டி உட்காரலாம். உட்கார்ந்தும் பார்த்தேன். அக்கா கைத்தடியால் வெளியிலிருந்து கொக்கியைப் போட்டுவிட்டு, "இப்பத்தான் சரியான ஆளு உள்ள இருக்கு," என்றாள்.

சாப்பாட்டு மேஜைக்கு இடமில்லாமல் போயிற்று. அதை வைக்க வீட்டில் ஒரே இடம் முன்பக்கத்துச் சின்ன அறைதான். அப்படியானால் அக்கா எங்கே போவாள்? யோசித்துப் பார்த்து, அவளை என்னுடைய பெரிய அறைக்கு மாற்றினேன். அங்கிருந்த கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நான் மேஜையோடும் ஒரு பாயோடும் சின்ன அறைக்கு வந்தேன். அந்த மேஜையில்தான் எப்போதும் பேப்பர் திருத்துவேன், ஜன்னல் வழியே தெரு தெரியும். எனக்கு அது பிடித்தேயிருந்தது. அக்காதான் சங்கடப்பட்டாள். "கொஞ்ச நாளைக்கு எதுக்குடி இவ்ளோ மாத்தறே?" என்றாள். ஆனால் மறுநாள் பார்த்தபோது பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்து என் பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தாள். அவ்வளவு நாளும் அவை பெட்டிக்குள்ளேயே இருந்தன.

குட்டிக்குப் பெரிய கூண்டு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பக்கத்தில் துண்டை இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் எதிர்ப் பக்கத்து மூலையில் ஈரம். அதற்கு மறுநாளும். சின்னக் கூண்டில் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. அடக்கிவைத்திருந்து வெளியே வந்துதான் போகும். இப்போது என்ன ஆயிற்று? கழுவினேன், திட்டினேன், டெட்டால் போட்டேன். பயனில்லை. ஏதாவது நோயோ என்று டாக்டருக்குப் போன் செய்தேன். கூண்டின் அளவைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"மேடம், நீங்க அவனுக்கு அட்டாச்டு பாத்ரூமோட வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க. அவன் உபயோகப்படுத்தறான். அவன் மேல தப்பில்ல."

நாய் படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணாது, படுக்கிற இடத்துக்கு மேல் இடமிருந்தால் மிச்சத்தை அதற்கு வைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். தலை முட்டாமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். வளருகிற நாயானால் பெரிய கூண்டில் நடுவே ஒரு தடுப்பு வைத்து, வளர வளரத் தள்ளிக்கொண்டே போகலாம் என்றார். கிரேட் டேன் வீட்டுக்காரரிடம் தடுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவருடைய நாய் வந்தபோதே கன்றுக்குட்டி மாதிரி இருந்ததாம், தடுப்பு வாங்கவேயில்லையாம்.

அட்டைப் பெட்டியைக் கிழித்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் தின்று தீர்த்துவிட்டது. பிளாஸ்டிக் தட்டி வைத்தேன். அதைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அதன் மேலேயே காரியத்தை முடித்தது. நான் கூண்டு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அக்கா தடியை ஊன்றிக் கதவுப் பக்கம் போனாள். கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

"அதை வச்சுப் பாரேன்."

கேரம் போர்டு.

"அக்கா, அது மாமாவோடது."

"ஆமா. சும்மாதான நிக்குது. நான் ஆடப் போறேனா, நீ ஆடப் போறியா?"

மாமா கேரம் விளையாட்டில் அந்த வட்டாரத்துக்கே பெரிய கை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு வாசலில் ஆட்டம் நடந்தால் தெருவே நின்று பார்க்கும். அந்தப் போர்டை யார் தொட்டாலும் முதலில் கையைக் கழுவச் சொல்வார். அதைத் தூக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் கூண்டுக்குள் நிறுத்திப் பார்த்தால், அளந்து செய்தது போல அகலத்துக்குச் சரியாக உட்கார்ந்தது. நான்கு மூலையிலும் நைலான் கயிறு கட்டினேன். குட்டி உள்ளே போய் அதை மோந்து பார்த்து, நக்கிப் பார்த்து, அதன் மேல் முதுகைச் சாய்த்துப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து ஈரம் இல்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு மூலையில் பல் பட்ட தடம் தெரிந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிச் சொன்னேன்.

"விடு. அவருகூட யோசிக்கும்போது ஸ்ட்ரைக்கரைப் பல்லுல கடிப்பாரு. எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கேன் தெரியுமா," என்று சொல்லிச் சிரித்தாள். மாமாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டு அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவரைப் பற்றியே பேசினோம். அவர் சைக்கிளில் ட்ரிபிள்ஸ் வைத்து எங்கள் இருவரையும் சினிமாவுக்குக் கூட்டிப்போனது, வழியில் போலீஸைப் பார்த்து இருவரையும் இறக்கிவிட்டுத் தெரியாதவர் மாதிரி முன்னால் போனது.

அதிலிருந்து சனிக்கிழமை என்றால் குட்டியை அளக்கிற நாள். வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். தன் ஜாக்கெட்டைத் தானே தைத்துக்கொள்கிறவள், டேப் அவள் தையல் பெட்டியில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை அளப்பாள். அதோடு நாலு விரல் கூட்டுவாள். அந்த அளவுக்குப் போர்டை நான் பின்னால் தள்ளிக் கட்டுவேன். குட்டி ஒரு இடத்தில் நிற்காது. டேப்பைக் கவ்வும், சுழலும், அக்காவின் மோவாயை நக்கும். ஒரு மேரி பிஸ்கட்டை நான் அதன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொள்ள வேண்டும். பிஸ்கட் எங்கள் கையிலிருக்கிற வரை சிலை மாதிரி நிற்கும்.

உயரத்துக்குக் கூண்டில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் உயரம் அளப்பதில்தான் தகராறு. குட்டிக்கு ஒரு காது மடங்கியிருக்கும், இன்னொன்று ஆன்டெனா மாதிரி நிற்கும். உட்காரவைத்துத் தரையிலிருந்து தலை உச்சி வரை அளந்தால் போதும் என்பது என் கட்சி.

"காது என்ன, கழட்டி வச்சுட்டா உள்ள போகும்? அதையும் சேத்துதான் அளக்கணும்," என்பாள் அக்கா.

"காது மடங்கும்க்கா. தலை மடங்குமா?"

"உனக்கென்ன தெரியும்? உன் தலைக்கு மேல ஒண்ணு எப்பப் பாத்தாலும் இடிச்சிட்டிருந்தா நீ சும்மா இருப்பியா?"

கடைசியில் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "தலை மட்டும் போதும் மேடம். ஆனா அக்கா சொன்னா காதையும் சேத்துக்குங்க, வீட்டுல சமாதானமா இருக்கட்டும்," என்றார்.

இதற்குள் அக்கா வாக்கரை விட்டு, தடியோடு மட்டும் நடக்க ஆரம்பித்திருந்தாள். கூண்டுக் கதவைச் சாத்துகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. குட்டிக்கும் காலில் மாட்டாமல் பக்கத்திலேயே நடக்கத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அக்காவின் வாயிலிருந்து ஜெயில் என்ற வார்த்தை மட்டும் போகவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "ஜெயிலைப் பாத்தீங்களா, எங்க டீச்சரம்மா கட்டினது," என்பாள்.

தீபாவளியன்று அதுவும் போனது. இருட்டத் தொடங்கியதும் எங்கள் தெருவில் வெடி ஆரம்பித்தது. முதல் சரவெடிக்கே குட்டி வீடு முழுக்க ஓடியது. கட்டிலுக்கு அடியில் போனது, குளியலறைக்குள் போனது, என் காலுக்கு நடுவில் நுழைந்து நடுங்கியது. தூக்கப் பார்த்தேன், திமிறியது. பிறகு யாரும் சொல்லாமல் கூண்டுக்குள் போய், போர்டோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. அக்கா உள்ளே போய் ஒரு கனமான போர்வையை எடுத்துவந்து கூண்டின் மேல் போட்டாள். மூன்று பக்கமும் மூடிவிட்டு, முன்பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பைபிளை எடுத்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். வெளியே ஒவ்வொரு அணுகுண்டுக்கும் அவள் குரல் கொஞ்சம் ஏறும். கொஞ்ச நேரத்தில் குட்டியின் மூச்சு சீரானது. பிறகு குறட்டையே வந்தது. அக்கா நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். "பாவம், அதுக்குன்னு ஒரு எடம் இருக்கே," என்று நடுவில் மட்டும் ஒரு தடவை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

கிறிஸ்மஸ் கேக்கெல்லாம் தீர்ந்த பிறகு ஒரு விஷயம் கவனித்தோம். போர்டைத் தள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு சனிக்கிழமை அளந்தோம், அடுத்த சனிக்கிழமையும் அதே அளவு. அதற்கு அடுத்ததும். நீளம் மட்டும் ஓரளவு வந்திருந்தது, கால்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. பாதம் மட்டும் பெரிசு. அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த தம்பி மாதிரி இருந்தது. டாக்டர் எடை போட்டுப் பார்த்து, "இவ்ளோதான் மேடம், இனிமே அகலத்துலதான் வளருவான். என்னை மன்னிக்கணும், பாதத்தைப் பாத்து ஏமாந்துட்டேன்," என்றார்.

கூண்டில் முக்கால்வாசிக்கும் குறைவாகத்தான் அது பயன்படுத்தியது. மிச்ச இடம் போர்டுக்கு அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஹாலில் நாங்கள் இன்னமும் பக்கவாட்டில்தான் நடந்தோம்.

அதே சமயத்தில் சர்ச்சில் அந்தத் தம்பதியரைப் பார்த்தோம். அவர்கள் எடுத்துப்போனது குட்டியின் கூடப்பிறந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கேட் பக்கத்தில் ஒரு பெரிய உருவம் சங்கிலியோடு நிற்கிறது. நீட்டுக் கால், நெஞ்சில் வெள்ளை. மேஜை மேலிருப்பதைக் கழுத்தை நீட்டாமலே எடுத்துத் தின்கிறது என்றார்கள். வைத்திருந்த கூண்டில் தலையைக் குனிந்துதான் உட்காருகிறதாம். அக்கா என் கையைக் கிள்ளினாள். அந்த வாரமே கேரம் போர்டைக் கழற்றிப் பழையபடி கதவுக்குப் பின்னால் வைத்தோம்; கிரேட் டேனின் கூண்டு மறுபடி மடிந்து தம்பதியர் வீட்டுக்கு ஆட்டோ ஏறியது. லிங்கராஜபுரத்துக்காரருக்குச் சொன்னேன். "நல்லது டீச்சர், அவனுக்கும் பெரிய ஆளுங்கன்னாத்தான் பிடிக்கும்," என்றார்.

புதுக் கூண்டு வாங்க அக்காவே கடைக்கு வந்தாள். குட்டியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் நடந்தே போனோம். தடி கையில் இருந்தது, ஆனால் ஊன்றவில்லை. கடைக்காரர் குட்டியைப் பார்த்துவிட்டு, "லார்ஜ் எடுத்துக்கோங்கம்மா, சவுகரியமா இருக்கும்," என்றார்.

"நீங்க சொல்லாதீங்க, நானும் சொல்லல. அவன் சொல்லட்டும்," என்றாள் அக்கா. "எல்லாத்தையும் கீழ எறக்குங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கம்பிக் கூண்டுகளை இறக்கி வரிசையாக வைத்தார். முதல் கூண்டில் குட்டி நுழைந்தது, நின்றது, திரும்பப் பார்த்தது, இடுப்பு இடித்தது. அக்கா தலையை ஆட்டினாள். பெரியதில் விட்டோம். உள்ளேயே ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தது. அதற்கும் தலையை ஆட்டினாள். நடு அளவில் நுழைந்தது. நிமிர்ந்து நின்றது. நிற்கிற காது மேல்கம்பியைத் தொடவில்லை. அக்கா அதைக் குனிந்து பார்த்து, எனக்குக் காட்டினாள். குட்டி ஒரு தடவை சுற்றித் திரும்பியது. பிறகு முன்னங்கால்களை நீட்டி, பின்னங்கால்களை நீட்டி, பெருமூச்சு விட்டுப் படுத்தது. கூப்பிட்டோம், வரவில்லை. பிஸ்கட் காட்டினோம், கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. வேறு வாடிக்கையாளர் ஒருவர் தாண்டிக்கொண்டு போனார்.

"பேக் பண்ணிடுங்க," என்றாள் அக்கா.

"நாயோடயா?" என்று கேட்டார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து புதுக் கூண்டை ஹால் மூலையில் ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். ஹால் மைதானம் மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றேன். சொன்ன பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே உறைத்தது. மேஜை வந்தால் சின்ன அறை காலி. நான் என் அறைக்குப் போகலாம், அக்கா பழையபடி சின்ன அறைக்கு. அல்லது கால்தான் சரியாகிவிட்டதே, அடுகோடிக்கு.

அக்கா புடவைத் தலைப்பால் கூண்டின் மேல் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"உனக்கு அந்தச் சின்ன ரூம் நெசமாவே புடிச்சிருக்கா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

"புடிச்சிருக்குக்கா. தெரு தெரியுது. காலையில பஸ்ஸு வர்றது ஜன்னல்லயே தெரியுது."

"அப்ப மேஜை அங்கேயே இருக்கட்டும். ஹாலுக்கு அடுகோடியில இருக்கிற என் மேஜையைக் கொண்டாந்துடலாம், அது மடக்கு மேஜை. கட்டிலும் அங்க சும்மா கெடக்குது. இந்த உன் கட்டில் முதுகைக் குத்துதுடி, இத்தனை மாசமா சொல்லல."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வாங்கிக் குடுப்பே. எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்னு எனக்கே தெரியலியே அப்ப."

"இப்ப?"

"இப்ப என்னா. வீட்டுக்காரம்மாவுக்கு நாளைக்குப் போன் பண்ணிடறேன், காலி பண்றேன்னு."

நான் சமையலறைக்குப் போய்க் காபிக்குப் பால் வைத்தேன். "காபி வேணுமா?" என்று அங்கிருந்து கேட்டேன். "வேணும். ஸ்ட்ராங்கா போடு. சக்கரை கம்மி," என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுகோடியிலிருந்து சாமான்கள் வந்தன. தேக்குக் கட்டில், மடக்கு மேஜை, இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தொட்டிச் செடி. கட்டில் அறைக் கதவில் நுழையுமா என்று அக்கா முன்கூட்டியே டேப்பில் அளந்து வைத்திருந்தாள். நுழைந்தது. குட்டி ஒவ்வொரு சாமானையும் மோந்து பார்த்து அனுமதி கொடுத்தது. சாயங்காலம் தூறல் விழுந்தது. தெருமுனைக் கடையிலிருந்து சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்து, மடக்கு மேஜையில் வைத்துச் சாப்பிட்டோம். அக்கா காலை நீட்டி எதிர் நாற்காலியில் போட்டுக்கொண்டு, ஹால் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள்.